ஊசல்முள்ளில் இடம் பெறாதவர்



தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லை முந்திக்கொண்டு படம் பேசிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

பிரிட்டனில் 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது பி.பி.சி. திரையில் 'ஸ்விங்கோமீட்டர்' என்னும் கருவி தோன்றியது. 1959 தேர்தலில் அது நாடறிந்ததாயிற்று. கடிகார ஊசலைப் போன்றதொரு முள். ஒருபுறம் கன்சர்வேடிவ் கட்சி, மறுபுறம் லேபர் கட்சி. சென்ற தேர்தலைவிட வாக்குகள் எப்பக்கம் சாய்ந்தனவோ, அப்பக்கம் முள் நகரும். புள்ளிவிவரம் அறியாதாரும் நாட்டின் போக்கை நொடியில் உணர்ந்தனர். அஃது அரிய பணியே.

ஆயினும், அம்முள்ளுக்குப் பக்கங்கள் இரண்டே. 1974 பிப்ரவரித் தேர்தலில் லிபரல் கட்சி ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகள் பெற்றது. இருகட்சி ஊசலில் அவ்வாக்குகளுக்கு ஏது இடம்? படம் பொய்யுரைக்கவில்லை, வரைந்தவர் எழுப்பிய வினாவுக்கு மட்டுமே விடையளித்தது.

கணக்கில் விடுபடுவதன் துயரத்தை நம்மினும் நன்கறிந்தவர் யார்? ஆதலின், திரையில் வரைபடம் தோன்றுந்தோறும், 'இதில் இடம் பெறாதவர் யாவர்?' என வினவப் பழகுவோம். வினவுவதோடு நில்லாது, புள்ளியியலும் வரைகலையும் பயின்று, வரைவோரின் இருக்கையிலும் நம் பிள்ளைகள் அமர்தல் வேண்டும். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் அதற்கு வழி சமைக்கட்டும்.