இடுபொருள் வாங்கும்போது வரிக் கணக்கு

(தாடிக்கொம்பு உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் துறையினர் விதை நேர்த்தி, அடியுரம், களை நிர்வாகம் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் கடைப் பட்டியல், அதாவது பில், பற்றிச் சொல்ல வந்துள்ளேன். சாகுபடிச் செலவு எழுதும்போது உழவு, உரம், மருந்து, ஆள் கூலி என்று பிரித்து எழுதுகிறோம். அவற்றுக்குள் அடங்கியுள்ள வரியை மட்டும் எழுதுவதில்லை.

வியாபாரி சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக் கொள்கிறார். நமக்கு அந்த வழி இல்லை. சொந்த விளைச்சலை விற்கும் விவசாயி இவ்வரிச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. இது சலுகையே. ஆனால் உரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்த வரி திரும்பி வராமல் நம் செலவிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அதன் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விற்பனை வரி வந்த வழி

நம் மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-ல் இராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்தது. மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடுசெய்வதே நோக்கம். பின்பு 1959-ல் புதிய சட்டமும், 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியும் வந்தன. 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நடைமுறையில் உள்ளது.

இவ்வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. திண்டுக்கல் கடையில் 18 சதவிகித வரியுள்ள பொருள் வாங்கினால் பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என இரு வரிகள் இருக்கும். இரண்டு முறை வரி போட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கர்நாடகத்திலிருந்து பொருளை இங்கு அனுப்பச் சொன்னால் 18 சதவிகிதம் ஒரே வரியாக இருக்கும். மொத்தம் ஒன்றுதான். அமெரிக்காவில் பல ஊர்களில் மாநில வரியின் மேல் நகர வரியும் சேரும். அதனால் ஊருக்கு ஊர் வரி மாறும். இங்கே தாடிக்கொம்பு பேரூராட்சியோ திண்டுக்கல் மாநகராட்சியோ பொருள்களுக்குத் தனி விற்பனை வரி விதிப்பதில்லை.

எதற்கு எவ்வளவு?

22-9-2025 முதல் நடைமுறையில் உள்ள விகிதங்களில் நமக்கு வேண்டியவை:

1. வரி இல்லாதவை: விதைப்புக்கான விதை, மாட்டுத் தீவனம், மண்வெட்டி, அரிவாள் போன்ற கைக்கருவிகள். டிராக்டரை வாடகைக்கு அமர்த்தி உழுதால் அந்த வாடகைக்கும் வரி இல்லை.

2. 5 சதவிகிதம்: இரசாயன உரம், டிராக்டர், உழவு மற்றும் அறுவடைக் கருவிகள், சொட்டு நீர், தெளிப்பு நீர்ச் சாதனங்கள். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், வேம்பு சார்ந்த பூச்சிக்கொல்லி போன்ற உயிரியல் மருந்துகளும் இதில் அடங்கும். டிராக்டருக்கும் சொட்டு நீருக்கும் முன்பு 12 சதவிகிதம் இருந்தது.

3. 18 சதவிகிதம்: இரசாயனப் பூச்சி மருந்து, களைக்கொல்லி, மின் மோட்டார் பம்பு, தனியே வாங்கும் பி.வி.சி. குழாய், சிமெண்டு.

கணக்கிடும் முறை

வரி நீங்கலாக விலை சொன்னால் கணக்கு எளிது. நீர்மூழ்கி மோட்டார் விலை ரூ. 20,000 என்று வைத்துக் கொள்வோம். 18 சதவிகித வரி ரூ. 3,600. கொடுக்க வேண்டியது ரூ. 23,600.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. ரூ. 23,600-க்கு 18 சதவிகிதம் போட்டால் ரூ. 4,248 வரும். இது தவறு. 118 ரூபாயில் 18 ரூபாய் வரி. ஆகவே 23,600-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். விடை ரூ. 3,600.

5 சதவிகிதப் பொருளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. மொத்த விலையை 21-ஆல் வகுத்தால் போதும். 45 கிலோ யூரியா மூட்டை ரூ. 266.50 என்றால் அதில் அடங்கிய வரி சுமார் ரூ. 12.69.

மூட்டையிலும் புட்டியிலும் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது. அதற்கு மேல் "வரி தனி" என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

தள்ளுபடியிலும் கவனம் வேண்டும். மேற்கண்ட மோட்டாருக்கு ரூ. 1,000 தள்ளுபடி தந்தால் அதைப் பில்லில் காட்டி முதலில் கழித்து, மீதி ரூ. 19,000-க்கு வரி போட வேண்டும். அப்போது மொத்தம் ரூ. 22,420. வரி போட்ட பின் கழித்தால் ரூ. 22,600. வித்தியாசம் 180 ரூபாய்.

ஒரு போகத்துக்கு உரம் ரூ. 10,500-க்கும், இரசாயன மருந்து ரூ. 5,900-க்கும் வாங்குவதாகக் கொள்வோம். உரத்தில் வரி ரூ. 500, மருந்தில் வரி ரூ. 900. பாதிக்குச் சற்றே மேற்பட்ட செலவில் ஏறத்தாழ இரு மடங்கு வரி. தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்த்தால் மருந்துச் செலவோடு அதன் வரியும் மிஞ்சும். பொருளாதாரச் சேத நிலை பார்த்து மருந்தடியுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பில் வேண்டுமா?"

கடையில், "பில் போட்டால் வரி ஆகும் அண்ணே, இல்லாமல் வாங்கிக்குங்க" என்று சொல்வதுண்டு. அச்சிட்ட விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அந்த விலையைக் கொடுத்துவிட்டுப் பில் வாங்காமல் வந்தால் வரியும் கொடுத்தோம், அத்தாட்சியும் இழந்தோம். சற்றுக் குறைத்துக் கொடுத்தாலும் கிடைக்கும் லாபம் சிறிது, இழப்பது பெரிது. மோட்டார் சுருள் எரிந்தால் உத்தரவாதம் கேட்க முடியாது. விதை முளைக்காவிட்டால் எந்தக் கடையில் வாங்கினோம் என்று காட்ட முடியாது. விதையால் நட்டமடைந்த விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்துள்ளது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்த உரிமையை நிலைநாட்டக் கையில் பில் இருக்க வேண்டும். வரி இல்லாத விதைக்கும் பில் அவசியம் என்பதை மறவாதீர்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை:

1. கடையின் 15 இலக்கப் பதிவு எண். தமிழ்நாட்டுக் கடையானால் 33 என்று தொடங்கும். பதிவு எண் இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

2. இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரி தம் விற்பனை மீதான வரியைத் தாமே கட்ட வேண்டும். அவர் பில்லில் வரி என்று தனியாகச் சேர்க்கக் கூடாது.

3. விதைக்கு ரகமும் குவியல் எண்ணும், மருந்துக்கு பேட்ச் எண்ணும் காலாவதி நாளும்.

4. வரி விகிதமும் கூட்டுத் தொகையும்.

பில்லையும், விதைப் பையின் அட்டையையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்துங்கள். மோட்டார் பில்லை உத்தரவாதக் காலம் முழுவதும் வைத்திருங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கொடுத்து 21-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். வரவு செலவு நோட்டில் வரிக்கென்று ஒரு பத்தி கோடு போட்டு எழுதி வாருங்கள். ஒரு போகம் எழுதிப் பார்த்தால் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பது உங்களுக்கே புலப்படும்.