கதிரொளி மின்சாரமும் செயற்கை நுண்ணறிவும்

(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் மண்டபக் கூரையில் சூரிய மின் தகடுகள் பொருத்த எண்ணியிருப்பதாகவும், அது பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றும் நிர்வாகத்தினர் பணித்தார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். மின்சாரத் தொழிலில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே அறிந்ததை அறிந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் ஓட்டுபவராக இருந்தார். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காகப் பேராக் ஆற்றில் செண்டரோ அணையைக் கட்டி 1930-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தார்கள். எங்கள் லயத்துக்கோ என் சிறு வயதில் ஆலையின் டீசல் இஞ்சின்தான் கதி. இரவு பத்து மணிக்கு அது நின்றால் தோட்டமே இருண்டு போகும். தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று கையை உதறிவிட்டு இஞ்சின் வீட்டை நோக்கி ஓடுவார். எங்கள் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அவருக்கோ ஓசையில் ஒரு சிறு பிசகு கேட்டிருக்கும். பல்லாண்டு நல்ல ஓசையைக் கேட்டுப் பழகியதால் கெட்ட ஓசை உடனே பிடிபட்டது.

சூரிய மின் தகட்டுக்கு ஓசையே கிடையாது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும்போதும் அது மௌனமாக இருக்கும். கெட்டுப்போனாலும் மௌனமாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் உபயகாரர்களின் கொடையால் இருபது தகடுகளைப் பத்துப் பத்தாக இரண்டு வரிசைகளில் கோத்துப் பொருத்தியிருந்தார்கள். மின் கட்டணம் குறைந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களில் கட்டணம் மெல்ல ஏறியது. மழைக்காலம் அல்லவா என்று இருந்துவிட்டார்கள். கணக்குப் பார்க்க என்னை அழைத்தபோது கூரையேறிப் பார்த்தேன். அணிலோ எலியோ கம்பியைக் கடித்து ஒரு வரிசை முழுவதும் செத்துக் கிடந்தது. ஐந்து மாத வெயில் வீணாகிவிட்டது. இத்தனைக்கும் தகடுகளின் அளவைக் காட்டும் கருவி அங்கே இருந்தது. அந்தக் கணக்கோ, பொறுப்பிலிருந்து விலகிவிட்ட ஒருவரின் கைப்பேசியில் இருந்தது. என் பங்குக்கு நானும் குற்றவாளிதான். திறப்பு விழாவில் மாலை வாங்கிக்கொண்டு வந்தவன், பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். தகடு தரும் மின்சாரத்தை வீட்டுக்கு உகந்ததாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். அதிலும் கம்பிகளிலும் உள்ள உணர்கருவிகள் மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் அளந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையத்தின் வழி அனுப்புகின்றன. பல மாத அளவுகளைப் பார்த்து, இந்தக் கூரைக்கு இந்த நேரத்தில், இப்படிப்பட்ட வானத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று கணினி கற்றுக்கொள்கிறது. மேகம் மூடினால் எல்லா வரிசையும் சேர்ந்து குறையும். ஒரு வரிசை மட்டும் குறைந்தால் அது மேகம் அன்று, பழுது என்று அது பிரித்தறியும். தந்தையாரின் காது செய்த வேலையும் இதுதான்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. சுமார் 25 லட்சம் தகடுகள். புழுதி படிந்தால் மின்சாரம் குறையும் என்பதால் அங்கே இயந்திர மனிதக் கருவிகள் தகடுகளைத் துடைக்கின்றன. நம் ஊரில் மழையே பெரும்பாலும் கழுவிவிடும். நமக்குத் தொல்லை பறவை எச்சமும், சருகும், பாசியும், பிற்பகல் மேகமும்தான். அந்த மேகத்தைக் கணிப்பதற்கும் வழி பிறந்திருக்கிறது. பிரிட்டனில் ஓபன் கிளைமேட் ஃபிக்ஸ் என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பு, செயற்கைக்கோள் படங்களிலிருந்து அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு சூரிய மின்சாரம் வரும் என்று கணிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. ஈப்போவில் பிற்பகல் இடிமழை நாம் அறியாததா? மழை வருமுன், காலை வெயிலிலேயே தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மின்கலத்தையும் ஏற்றிக்கொள்ளும்படி கருவிகளை அமைத்தால், இரவு விளக்குக்கும் பகல் வெயிலே துணையாகும்.

ஆயினும் கருவி எச்சரிக்கை மட்டுமே தரும். கூரையேறிக் கம்பியைக் கட்டாது. ஆகவே மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, கருவியின் கணக்கும் கடவுச்சொல்லும் தனி மனிதர் பெயரில் அல்லாமல் அறவாரியத்தின் பெயரில் இருக்கட்டும். கருவியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, மாதக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது கூரையின் வரவையும் படியுங்கள். கருவியிடமிருந்து செய்தியே வராவிட்டால், அதையும் ஒரு பழுதாகவே கொள்ளுங்கள்.

மூன்றாவது, பழைய தோட்டங்களிலிருந்து பட்டணம் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவருக்கு இத்தொழிலில் முறையான பயிற்சி கிடைக்க உதவுங்கள். கருவி அழைத்தால் போக ஆள் இருக்கும். அவர்களுக்கும் பிழைக்க ஒரு வழி பிறக்கும்.

உபயகாரர்களுக்கு ஒரு சொல். தகடு வாங்கக் கொடுப்போர் பலர். அதைப் பராமரிக்கக் கொடுப்போர் சிலர். முன்னதற்குப் பெயர்ப் பலகை உண்டு, பின்னதற்கு இல்லை. ஆனால் பத்து ஆண்டு கழித்தும் விளக்கு எரிவது பின்னவர்களால்தான்.

தந்தையாரின் காதைப் போல ஒரு கருவியை இன்று விலைக்கு வாங்கிவிடலாம். சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று எழுந்து ஓடிய அந்தக் கால்களை நாம்தான் தர வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்குமாக என வேண்டி விடைபெறுகிறேன்.