முகூர்த்த நாள் ஆப்சென்ட்: ஜாஸ் சொல்லிக்கொடுக்கும் ஹைஸ்கூல்களும் நம்ம ஊரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல ஜாஸ் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகள்ல அதிகமா வந்தது இதுதான்: "ப்ரோ, அது ஹோட்டல் லாபியில ஓடுற மியூசிக் தானே? அதைப் போய் ஸ்கூல்ல எல்லாம் படிப்பாங்களா?"

படிப்பாங்க. அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்ல, கணக்கு, அறிவியல் கூடவே. இன்னைக்கு அந்த ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். அப்புறம் அப்படி ஒண்ணு உப்பிலியபுரம் மாதிரி ஒரு ஊருக்கு ஏன் தேவைன்னும் சொல்றேன். நான் அந்த ஊர்க்காரன், அதனால கொஞ்சம் சொந்தக் கதையும் வரும்.

ஒரே ஸ்கூல்ல இருந்து இத்தனை பேரா?

கெண்ட்ரிக் லமாரோட 2015 ஆல்பம் கேட்டிருப்பீங்க. அதுல கீபோர்ட் வாசிச்சவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் கிளாஸ்பர். அப்புறம் ஜேசன் மோரன்னு ஒரு பியானோ கலைஞர், 2010ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப் வாங்கினவர். எரிக் ஹார்லண்ட், கெண்ட்ரிக் ஸ்காட், கிறிஸ் டேவ், இவங்க மூணு பேரும் டிரம்மர்ஸ். இன்னைக்கு ஜாஸ்ல டிரம்ஸ்னு பேச்சு வந்தா இந்தப் பேர்கள் இல்லாம முடியாது.

இந்த அஞ்சு பேரும் படிச்சது ஒரே ஸ்கூல். டெக்சாஸ்ல, ஹூஸ்டன் நகரத்துல, 1971ல தொடங்கின நிகழ்த்துகலை ஹைஸ்கூல். அங்க 1976ல இருந்து 1999 வரைக்கும் ஜாஸ் பிரிவை நடத்தினவர் ராபர்ட் மார்கன்னு ஒரு ஆசிரியர். நான் சொன்ன பேர்கள் எல்லாம் அவர் இருந்த காலத்துல படிச்சவங்கதான்.

ஹூஸ்டன் மட்டும் இல்ல. நியூ ஆர்லியன்ஸ்ல 1973ல ஒரு கலை மையம் தொடங்கினாங்க. பசங்க பாதி நாள் தங்களோட சொந்த ஸ்கூல்ல பாடம் படிச்சிட்டு, மீதி பாதி நாள் இங்க வருவாங்க. அங்க ஜாஸ் சொல்லிக்கொடுத்தவர் எல்லிஸ் மார்சாலிஸ்னு ஒரு பியானோ கலைஞர். அவரோட பையன் விண்டன் மார்சாலிஸ் 1984ல ஒரே இரவுல ஜாஸுக்கு ஒரு கிராமி, மேற்கத்திய கிளாசிக்கலுக்கு ஒரு கிராமி வாங்கினார்.

டல்லஸ்ல இருக்கிற புக்கர் டி. வாஷிங்டன் ஸ்கூலோட கதை இன்னும் முக்கியம். கறுப்பினப் பசங்களைத் தனியா ஒதுக்கிப் படிக்க வெச்ச காலத்துல அது அவங்களுக்கான ஹைஸ்கூல். அந்தப் பிரிவினையை ஒழிக்கிற முயற்சியில 1976ல அதைக் கலைப் பள்ளியா மாத்தினாங்க. எல்லா இனப் பசங்களும் தேடி வர்ற ஸ்கூலா ஆக்கணும்ங்கிறதுதான் திட்டம். ரவிசங்கரோட பொண்ணு நோரா ஜோன்ஸ் அங்க படிச்சவங்கதான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஹூஸ்டன் ஸ்கூல்ல சேர ஆடிஷன் உண்டு. சேர்ந்துட்டா ஒரு நாள்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம் உங்க கலைக்கு. மீதி நேரம் மத்த ஸ்கூல்ல இருக்கிற அதே பாடங்கள். முடிக்கும்போது கிடைக்கிறது சாதாரண ஹைஸ்கூல் சான்றிதழ்தான். அதை வெச்சு எந்த காலேஜுக்கும் போகலாம், இன்ஜினியரிங் உட்பட. இது முக்கியமான பாயிண்ட், பின்னாடி திரும்ப வருவேன்.

இந்த மாதிரி ஸ்கூல்கள்ல ஜாஸ் கிளாஸ்னா என்ன நடக்கும்? முதல்ல காது. ஒரு பழைய ரெக்கார்டைப் போட்டு, அதுல ஒருத்தர் வாசிச்ச சோலோவைக் கேட்டுக் கேட்டு வாயால பாடணும். அப்புறம் வாத்தியத்துல எடுக்கணும். நோட்டைப் பார்த்து இல்ல, காதால. நம்ம நாதசுரக்காரங்க டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட தோடியைக் கேட்டுக் கேட்டு வாசிச்சுப் பார்த்தாங்கள்ல, அதே வேலை.

ரெண்டாவது, அமைப்பு. ப்ளூஸ்னு ஒரு வடிவம் இருக்கு. 12 பார், ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை, மொத்தம் 48. ஆதி தாளத்துல போட்டுப் பாருங்க, சரியா ஆறு ஆவர்த்தனம் வரும். இதுக்குள்ள அடிப்படையா மூணே மூணு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், ஒரு வரிசையில வரும். முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. அது சுத்திக்கிட்டே இருக்கும், மேல ஒருத்தர் அந்த நிமிஷத்துல தோணுறதை வாசிப்பார். என்ன வேணா வாசிக்கலாம், ஆனா எந்த இடத்துல இருக்கோம்னு தொலைச்சிடக் கூடாது. கல்பனா ஸ்வரம் பாடுறவர் எங்க சுத்தினாலும் எடுப்புக்கு வந்து சேரணும்ல, கிட்டத்தட்ட அதுதான்.

மூணாவதுதான் ஸ்கூலால மட்டுமே தர முடியுற விஷயம்: கூட வாசிக்க ஆள். பிக் பேண்ட்னு ஒண்ணு இருக்கும், சாக்ஸ், டிரம்பெட், டிராம்போன் எல்லாம் சேர்த்து சுமார் 17 பேர். அதைத் தவிர நாலைஞ்சு பேர் சேர்ந்த சின்னக் குழுக்கள். ஜாஸ்ல நீங்க வாசிக்கிறதுல பாதி, பக்கத்துல இருக்கிறவர் இப்போ வாசிச்சதுக்குப் பதில். கிரேடு எக்ஸாமுக்கு ரூம்ல தனியா உட்கார்ந்து மூணு பீஸ் பிராக்டிஸ் பண்ணலாம். இதை அப்படிப் பண்ண முடியாது. யூடியூப் உங்களுக்குப் பதில் சொல்லாது. ஒரே வயசுல, உங்களைவிடக் கொஞ்சம் நல்லா வாசிக்கிற ஒருத்தன் தினமும் பக்கத்துல இருந்தா அது வேற வளர்ச்சி.

உப்பிலியபுரத்துல என்ன நடந்துச்சு?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். உப்பிலியபுரத்துல இருந்து துறையூர் போய், பஸ் மாறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற வாழ்க்கை. அங்க ஜாஸ் எவனும் கேக்கல. ஆனா ஜாஸுக்கு வேண்டிய ஆள் இருந்தான்.

என் கூடப் படிச்ச ஒருத்தன், பேர் சொல்லல. அவங்க அப்பா தவில். இவன் எட்டாவதுலயே கல்யாண செட்ல போய் வாசிப்பான். மதிய சாப்பாட்டு நேரத்துல பெஞ்சுல ஒரு கையால நாலு, இன்னொரு கையால மூணு தட்டிக்கிட்டே நம்மகிட்ட கிரிக்கெட் பேசுவான். அன்னைக்கு எங்களுக்கு அது வேடிக்கை. ஜாஸ் டிரம்மர்ஸ் இதை வருஷக்கணக்கா உட்கார்ந்து பழகுறாங்கன்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது.

பிரச்சினை காலண்டர்ல இருந்துச்சு. தை, மாசி, பங்குனி முகூர்த்த சீசன். பத்தாவது ரிவிஷன், பிராக்டிகல், பப்ளிக் எக்ஸாம் எல்லாம் வர்றதும் அதே மாசங்கள்ல. முகூர்த்த நாள்ல அவன் ஆப்சென்ட். மறுநாள் கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சு, "மேளம் அடிக்கப் போறியா, பரீட்சை எழுதப் போறியா, முடிவு பண்ணிக்கோ"ன்னு கேட்டாங்க. முழு கிளாஸும் சிரிச்சுது. அந்தச் சிரிப்புல சாதியும் இருந்துச்சு. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

அவன் முடிவு பண்ணிட்டான். செட்டுக்குப் போறதை நிறுத்தினான், பத்தாவது பாஸ் ஆனான், தவில் போச்சு. இப்போ மொபைல் கடை வெச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கான். இது சோகக் கதை இல்ல. ஆனா கேள்வி சரியான கேள்வியான்னு பாருங்க.

ராபர்ட் கிளாஸ்பர் எங்க வாசிச்சு வளர்ந்தார்? சர்ச்ல. அவங்க அம்மா பாடகி, சர்ச்ல பாடுறவங்க. அதாவது அவருக்கும் குடும்பத்துல இருந்து வந்த வித்தை, ஊர் சடங்குல பழகின வித்தை. ஆடிஷன் வெக்கிற ஒரு ஸ்கூலுக்கு அது தகுதி. இங்க அதே விஷயம் ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட். ரெண்டு பசங்களுக்கும் திறமையில வித்தியாசம்னு நான் நினைக்கல. ஒரு இடத்துல டைம்டேபிள்ல அதுக்கு மூணு மணி நேரம் இருந்துச்சு, இன்னொரு இடத்துல இல்ல.

நம்மகிட்ட எதுவுமே இல்லையா?

இருக்கு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கு, திருச்சி மாவட்டத்துக்கு ஸ்ரீரங்கத்துல. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம்னு மூணு வருஷப் படிப்பு. நல்ல விஷயம். ஆனா அது வேற, நீங்க படிக்கிற ஸ்கூல் வேற. ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ, ஒரே டைம்டேபிள்ல கொண்டு வரலை.

ஜாஸ்னு பார்த்தா, சென்னையில ஏ.ஆர். ரஹ்மான் 2008ல தொடங்கின கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கு. வசதி இல்லாத பசங்களுக்கு இலவசமா சொல்லிக்கொடுக்கிற சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அதைச் சேர்ந்ததுதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் 2010ல ஸ்வர்ணபூமி அகாடமியைத் தொடங்கினவர் கிட்டார் பிரசன்னா. அவர் சென்னை ஐஐடியில இன்ஜினியரிங் முடிச்சிட்டு, பாஸ்டன்ல பெர்க்லி போய் இசை படிச்சவர். கவனிங்க, முதல்ல இன்ஜினியரிங், அப்புறம் இசை. நம்ம ஊர்ல நடக்கிற வரிசை அதுதான். எல்லாருக்கும் ஐஐடி கிடைக்காது, அதனால எல்லாருக்கும் ரெண்டாவது வாய்ப்பும் கிடைக்காது. அதோட 14, 15 வயசு காது 22 வயசுல திரும்பி வராது.

ஒரு எதிர்வாதமும் நியாயமானது. ஆடிஷன்னு வெச்சா, ஏற்கனவே டியூஷன் போன பசங்களுக்குத்தானே சாதகம்? ஆமா. அதனால நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு வந்தா, ஆடிஷன்ல கல்யாண செட், கோயில் திருவிழா, சர்ச் கொயர், பறை இதெல்லாம் கணக்குல வரணும். படிச்ச எல்லாரும் கிளாஸ்பர் ஆகப் போறதில்ல. ஆக வேண்டியதும் இல்ல. மொபைல் கடை வெச்சிருக்கிறவன் சாயங்காலம் தவிலும் வாசிச்சா போதும்.

நியூ ஆர்லியன்ஸ் மாடல் நமக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன். புது ஸ்கூல் கட்ட வேண்டாம். பாதி நாள் உங்க ஸ்கூல், பாதி நாள் இசைப்பள்ளி, ரெண்டுக்கும் ஒரே அட்டெண்டன்ஸ். துறையூர் மாதிரி ஒரு ஊர்ல ஒரு ஹால், ரெண்டு ஆசிரியர். தவில் ஒருத்தர், கீபோர்ட் ஒருத்தர். அங்க ப்ளூஸும் வரலாம், மல்லாரியும் வரலாம்.

இந்த வாரத்துக்கு மூணு ஆல்பம். ராபர்ட் கிளாஸ்பர், "பிளாக் ரேடியோ", 2012. ஜேசன் மோரன், "பிளாக் ஸ்டார்ஸ்", 2001. அப்புறம் "தீர்த்தா", 2011: தமிழ்க் குடும்பத்துல அமெரிக்காவுல பிறந்த விஜய் ஐயர் பியானோ, பிரசன்னா கிட்டார், நிதின் மித்தா தபலா. கேட்கும்போது தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க, எங்க தொலைஞ்சீங்கன்னு எழுதி அனுப்புங்க. ஸ்கூல்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த தை மாசம் ஒரு பையன் லீவு லெட்டர்ல "கச்சேரி"ன்னு எழுதினா, எந்த ராகம், என்ன தாளம்னு ஒரு கேள்வி கேளுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.