ஒரு மூச்சு நேரத்தில்

இங்கே புனேயில், ராஸ்தா பேட்டையில், எங்கள் அண்டை வீட்டில் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மராத்தியைக் காதால் கேட்பாரேயன்றி நாவால் தீண்டமாட்டார். அண்மையில் வயிற்று உபாதைக்காக அவரை எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அழைத்துச் சென்றார்கள். குகை போன்றதொரு கருவி. உள்ளே தச்சுப் பட்டறை போல இடையறாத ஓசை. நடுவே ஒலிபெருக்கியில் ஒரு குரல்: ‘ஷ்வாஸ் ரோகூன் தரா’. அதாவது, மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். சற்றுப் பொறுத்து, மூச்சு விடலாம் என்று உத்தரவு. வீடு திரும்பிய பாட்டியார் என்னை அழைத்து, “ஏனப்பா, கும்பகம் பழக்குகிற யந்திரமா அது?” என்று கேட்டார்.

கேள்வி வேடிக்கையானது, விடை வேடிக்கையன்று. ஒரு மூச்சு அடக்கும் நேரத்திற்குள் உடலின் உள்ளே படம் எடுக்க இயலும் என்பதே விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுப் பெற்ற வரமாகும்.

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் மிக நுண்ணிய காந்தம். வலிமை வாய்ந்த காந்தப் புலத்தில் உடலை வைத்தால், அவற்றுள் ஒரு சிறு பங்கு அப்புலத்தின் திசையில் அணிவகுக்கும். தக்க அதிர்வெண்ணுடைய வானொலி அலையைச் செலுத்தினால் அணி சாய்கிறது. சாய்ந்தவை தாமும் மெல்லிய வானொலிக் குரல் ஒன்றை எழுப்புகின்றன. இந்த ஒத்திசைவை 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிளாக் என்பவரும் பர்செல் என்பவரும் தனித்தனியே கண்டறிந்து, 1952இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அக்குரலைக் கொண்டு படம் வரையலாம் என்று 1973இல் லாட்டர்பர் காட்டினார்.

ஆனால் ஓர் இடர் இருந்தது. முற்றிலும் சாய்த்த அணி மீண்டும் நிமிர ஏறக்குறைய ஒரு நொடியோ, அதற்கு மேலோ ஆகும். ஒரு படத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட முறை குரல் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காத்திருந்தால் பல நிமிடங்கள் கழியும். அதுவரை மூச்சை அடக்க வல்லவர் யார்? மூச்சு வாங்கினால் வயிறு அசையும், படம் கலங்கும்.

இவ்விடரைக் கடந்த கதையில் 1951ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டென்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

முதலாவது நம் நாட்டில். பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்ற பௌதிக விஞ்ஞானி, குழாயில் ஓடும் திரவத்தின் அணுக்கரு ஒத்திசைவை ஆராய்ந்தார். அசையாது நிற்கும் திரவத்தின் மீது வலிய வானொலி அலையை ஓயாது செலுத்தினால் அதன் அணுக்கள் களைத்துக் குரல் மங்கும். திரவம் ஓடத் தொடங்கினால், களைத்தவை அகன்று புதியவை வந்து சேர்வதால் குரல் மீண்டும் ஓங்கும். இதை அவர் சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமியின் ஏட்டில் 1951இல் வெளியிட்டார்.

இரண்டாவது நிகழ்ச்சி ஒரு பிறப்பு. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் அவ்வாண்டு பிறந்த குழந்தை யென்ஸ் ஃபிராம். அவர் கோட்டிங்கன் நகரில் பௌதிகம் பயின்று, 1977இல் டாக்டர் பட்டம் பெற்று, அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றினார். 1985இல் அவரும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய உபாயத்தைக் கண்டனர்.

நம் ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் வற்ற இறைத்துவிட்டால் ஊற்றுச் சுரக்கும்வரை காத்திருக்க வேண்டும். குடம் குடமாக அளவோடு முகந்தால் நாள் முழுதும் நீர் உண்டு. ஃபிராம் செய்தது அதுவே. அணியை முற்றிலும் சாய்க்காமல் சிறிதளவே சாய்த்தார். 15 பாகை சாய்த்தால், முழுக் குரலில் நான்கில் ஒரு பங்கு கேட்கிறது. சேமிப்பில் குறைவதோ நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான்! ஆகவே காத்திராமல் உடனே அடுத்த முறை கேட்கலாம். ‘பிளாஷ்’ என்று பெயர் பெற்ற இம்முறையால் படமெடுக்கும் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடிற்று. நிமிடங்கள் நொடிகளாயின. பாட்டியாரின் கும்பகத்துக்கு வழி பிறந்தது.

இனி, பெங்களூரும் கோட்டிங்கனும் கைகோக்கும் இடத்தைப் பாருங்கள். விரைந்து விரைந்து அலை செலுத்தும்போது, அசையாத தசையின் அணுக்கள் களைத்துக் குரல் மங்குகின்றன, படத்தில் இருள்கின்றன. வெளியிலிருந்து பாய்ந்து வரும் குருதியோ களைப்பறியாதது, அது ஒளிர்கிறது. சூர்யன் குழாயில் கண்டது இதுவேயன்றோ? இவ்வாறு மூளையின் குருதி நாளங்களை, மருந்தேதும் ஊசியால் ஏற்றாமலே, படத்தில் காண முடிகிறது. இடையில், 1959இல், அமெரிக்காவில் சிங்கர் என்பவர் உயிருள்ள எலியின் குருதி ஓட்டத்தை ஒத்திசைவால் அளந்து காட்டி இவ்வழியைத் துலக்கியிருந்தார்.

ஃபிராம் அத்துடன் நிற்கவில்லை. காப்புரிமையால் வந்த பொருளைக் கொண்டே 1993இல் தோன்றிய ஓர் ஆய்வு அமைப்பை நடத்தினார். 2010இல், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு படமாக, துடிக்கும் இதயத்தையே அசையும் சித்திரமாக அவருடைய குழு காட்டிற்று. 2018இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

சூர்யனுக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. குழாயில் ஓடும் திரவத்தை ஆராய்ந்தபோது அவர் முன் நோயாளி எவரும் இல்லை. இதனால் பயன் என்ன என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், எதைச் சுட்டிக் காட்டியிருக்க முடியும்? உண்மையை உண்மைக்காகவே தேடி அச்சில் பதித்து வைத்தார். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, கடல் கடந்த இன்னொருவர் உழைப்போடு கூடிப் பயன் தந்தது. ஆய்வுக்குச் செலவிடும் பொருளைக் கணக்கிடுவோர், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே உள்ள இத்தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் பாட்டியாரிடம் பொறுமையாகச் சொன்னேன். கிணற்று உவமை அவருக்குப் பிடித்திருந்தது. “அளவோடு முகப்பதை எங்கள் ஊரில் அந்நாளிலேயே அறிவார்கள்” என்றார். பிறகு சற்று எண்ணிப் பார்த்து, “ஆனால் அதைக் கொண்டு இப்படியும் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லையே” என்றார்.

தோன்றுவதற்கு ஒருவர் வேண்டும். அவர் பிறக்கும் ஊர் ஓல்டன்பர்க்காக இருக்கலாம், கும்பகோணமாகவும் இருக்கலாம், புனேயில் வளரும் நம் பிள்ளைகளுள் ஒருவராகவும் இருக்கலாம்.