அத்திம்பேர் கொடுத்த ஸைகோ
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் கையில் இருப்பது ஸைகோ 5. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்திம்பேர் கொடுத்தது. பின்மூடியில் உள்ள தொடர் எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது, மாதம். இதில் 4, 3. எழுபதுகளின் மாடல், ஆகவே 1974 மார்ச்.

பாட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். கை அசைந்தால் உள்ளே அரைவட்டத் தகடு சுழலும். எந்தப் பக்கம் சுழன்றாலும் 'மேஜிக் லீவர்' என்ற சிறு நெம்புகோல் வில்லை ஒரே திசையில் முறுக்கிவிடும். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஆறு. நாளைக்கு 20 வினாடி முந்துகிறது. 86,400-ல் 20 என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆபீஸில் எங்களில் யார் அப்படி வேலை பார்த்தோம்?

டயல் மங்கிவிட்டதே என்று ஒரு கடையில் கொடுத்தேன். புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று தந்தார்கள். எழுத்து தடித்து, கோடுகள் கோணலாக. அத்திம்பேர் காலமாகி ஒரு வருஷம் ஆகாத சமயம். அக்கா கையில் வாங்கிப் பார்த்தாள். "இது அவர் குடுத்தது மாதிரியே இல்லையேடா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்கள். டயலைத் தொடவிடாதீர்கள். தண்ணீரிலும் நனைக்க வேண்டாம். பழைய ரப்பர் வளையம் தாங்காது.