மூன்று படி, பதினெட்டு அடி



தேனி தனி மாவட்டமானது 1996இல். அதையொட்டி எழுந்த கடைகள், லாட்ஜுகள், மண்டபங்களுக்கெல்லாம் இப்போது மராமத்து வயது. போடியிலிருந்து கூடலூர் வரை பாருங்கள், பழைய தரை மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வாசல் இன்னும் இரண்டு அங்குலம் உயர்கிறது. முன்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் மூன்று படி, படியில் வழுவழு கிரானைட். சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார்?

"சார், நம்ம கடைக்கு அந்த மாதிரி ஆளுங்க யாரும் வர்றதில்லையே" என்பார் முதலாளி. மூன்று படி இருக்கும்போது எப்படி வருவார்கள்? (இந்த மேடைக்கும் படியேறித்தான் வந்தேன். சங்கச் செயலாளர் கோபிக்க வேண்டாம்.)

"அதான் ராம்ப் இருக்கே" என்று சிலர் காட்டுவது, ராத்திரி பைக் ஏற்றுவதற்காகக் கொத்தனார் பூசிய சரிவு. கணக்கு என்ன? ஒரு அடி ஏற, பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படி மூன்று என்றால் ஒன்றரை அடி உயரம். சாய்தளம் 18 அடி. ரோட்டில் அதற்கு இடம் கிடையாது, ரோட்டை அடைக்கவும் கூடாது. ஆகவே உள்ளே தேட வேண்டும். தரையை உடைக்கிற அன்றே வாசலை ஒட்டிய பகுதியைத் தாழ்த்தி, சாய்தளத்தைக் கடைக்குள் சுவரோரமாக மடக்கி எடுக்கலாம்; திருப்பத்தில் 150 செ.மீ. சமதளம், கதவுத் திறப்பு 90 செ.மீ. மழைத்தண்ணீர் உள்ளே வராதா என்பீர்கள். வாசலில் குறுக்கே கம்பி மூடி போட்ட வாய்க்கால் ஒன்று வேண்டும். ஷோகேஸ் இடம் கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் ஏலக்காய் மூட்டையும் அதே வழியில் தள்ளுவண்டியில் ஏறும், முழங்கால் வலிக்கிற அப்பத்தாவும் ஏறுவார். டைல்ஸ் ஒட்டி முடித்தபின் இதைச் செய்தால் இரட்டைச் செலவு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கடையும் அதன்படி பொதுக் கட்டடமே. 2017 ஜூனில் விதிகள் வந்தன. பழைய கட்டடங்களுக்குத் தந்த ஐந்து வருட அவகாசம் 2022லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தொழில் ரகசியம். எஸ்டிமேட்டில் சாய்தளத்தைத் தனி வரியாக எழுதாதீர்கள். எழுதினால் முதலாளி முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். தரை வேலையோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.