தழிஞ்சி: போரிலிருந்து மீண்டவரும் நாமும்

(இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புறத்திணை இலக்கியம் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். அத்திணைகளின் விரிவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் அடக்கிவிட இயலாது. ஆகவே ஒரேயொரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது இன்று நம் ஊரில் யாரைப் பற்றியது என்று காண முயல்கிறேன்.

வஞ்சித் திணைக்குத் தொல்காப்பியர் பதின்மூன்று துறைகளைக் கூறுகிறார். அவற்றுள் இறுதியாக நிற்பது 'தழிஞ்சி'. படைக்கலம் பட்டுப் புண்ணுற்ற வீரரை அரசன் தானே சென்று கண்டு, தேற்றித் தழுவிக்கொள்ளுதல் என்று இதற்கு உரைமரபில் விளக்கம் உண்டு. பின்னே தோன்றிய புறப்பொருள் வெண்பாமாலையோ, தோற்று ஓடுவோர்மேல் படைக்கலம் செலுத்தாமையைத் தழிஞ்சி என்கிறது. பொருள் இரண்டாயினும் உள்ளம் ஒன்றுதான். போரின் நடுவிலும் மனிதன் மனிதனாக நிற்கும் இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் இது.

இத்துறைக்கு உயிர் தந்த காட்சி நெடுநல்வாடையில் உள்ளது. வாடை வீசும் நள்ளிரவில் பாண்டியன் உறங்காமல், சிலரோடு பாசறையைச் சுற்றி வந்து, புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காண்கிறான். முல்லைப்பாட்டின் அரசனும் உறங்கவில்லை. வெட்டுண்ட யானைகளையும், தனக்காக மாய்ந்த மறவரையும், அம்பு தைத்த வலியால் உணவு கொள்ளாத குதிரைகளையும் எண்ணியபடி அவன் இரவைக் கழிக்கிறான். போர் உறக்கத்தைப் பறிக்கும் என்பதை நக்கீரரும் நப்பூதனாரும் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரு காட்சிகளும் பாசறையில் நிகழ்வன. வினை முடிந்து தலைவன் தேரேறித் திரும்பினால் தலைவியின் துயர் தீர்கிறது. பாட்டும் அங்கே முடிந்துவிடுகிறது. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு; பீலி சூட்டி வழிபடுவர். உயிரோடு வீடு வந்து, பத்து ஆண்டு கழிந்தும் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுபவனுக்கு எந்தக் கல்லும் இல்லை. அவனுக்கு ஒரு பாட்டையும் நான் அறியேன்.

மேலைநாட்டினரும் இவனை எளிதில் இனங்கண்டுவிடவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரரின் படபடப்பை ஆராய்ந்த டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் அதை இதயக் கோளாறாகவே எழுதினார். முதல் உலகப் போரில், 1915-இல், சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் வழங்கினார். அந்நாளில் நடுங்கிய வீரர் பலர் கோழைகள் என்று பழிக்கப்பட்டனர். வியட்நாம் போரிலிருந்து மீண்டவர் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயாக முறைப்படி ஏற்றது. அச்சக் கனவும், சிறு ஓசைக்கும் உடல் துள்ளுதலும், காரணமற்ற சினமும், அன்புடையோரிடத்தும் மரத்துப்போன மனமும் குணக்கேடுகள் அல்ல, ஆறாத புண்ணின் அறிகுறிகள் என்பதை ஏற்க உலகிற்கு அத்தனை காலம் ஆயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் ஆலை வாயில்களில் காக்கியோ நீலமோ அணிந்து நிற்கும் காவலரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் முன்னாள் படைவீரர் உண்டு. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழ்நாடு அரசு 1986-இல் 'டெக்ஸ்கோ' என்னும் கழகத்தை அமைத்தது. படையை விட்டு இளம் வயதிலேயே ஓய்வு பெறுகிறவருக்குக் குடும்பம் நடத்த இவ்வேலை பெருந்துணை. ஆனால் வாயிலில் நிற்பவர் எந்தக் களத்திலிருந்து வந்தார் என்று, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடும் நாம் கேட்பதில்லை.

அவர்களுள் ஒரு சாரார் இலங்கையிலிருந்து மீண்டவர்கள். 1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்துகொண்டனர். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை அங்கே இறங்கியது. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கிற்று. ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். மக்களும் மாண்டனர். அந்த அக்டோபர் 21-இலும் 22-இலும் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர், தாதியர், நோயாளர் கொல்லப்பட்டதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசுவது அறமாகாது. 1990 மார்ச் 24-இல் கடைசி அணி இலங்கையை விட்டு நீங்கியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழர் மேல் துப்பாக்கி நீட்டிய படையை எவ்வாறு வரவேற்பது என்பது அன்று தமிழகத்தில் பலரது மனநிலை. அந்த மனநிலைக்குக் காரணம் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களுள் மதராஸ் ரெஜிமெண்டின் தமிழ் இளைஞரும் இருந்தனர். அவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்புவது?

அவ்வாறு திரும்பிய ஒருவரை நான் அறிவேன். பெயரும் ஊரும் வேண்டா. இங்குள்ள உருக்காலை ஒன்றில் பல ஆண்டு காவலராக இருந்தவர். இரவு முறையையே விரும்பிக் கேட்டு வாங்குவார். கூடுதல் படிக்காக என்றே உடன் பணியாற்றியோர் எண்ணினர். வீட்டில் இரவு உறங்கினால் மனைவி பிள்ளைகள் அஞ்சும்படி கத்திவிடுவேன் என்பதுதான் காரணம் என்று பின்னாளில் சொன்னார். லாரியிலிருந்து பழைய இரும்பைக் கொட்டும் பேரோசை கேட்டால் அவர் கை நடுங்கும். அப்போது மட்டும் பின்வாயிலுக்குப் போய்விடுவார். ஊரார் அவரைக் கோபக்காரர் என்றனர். படைவீரர் அங்காடியில் சலுகை விலையில் கிடைக்கும் மதுவையும் சேர்த்துக்கொண்டு, குடிகாரர் என்றும் சொல்லி முடித்துவிட்டனர்.

உடன் வந்த பஞ்சாபியருக்கும் கூர்க்கருக்கும் இல்லாத சுமை ஒன்று தமக்கு இருந்தது என்றார். அவர்களுக்கு அழுகை மட்டும் கேட்டது. அவருக்கு அழுதவர்களின் சொற்களும் விளங்கின. ஒரு வீட்டைச் சோதனையிடும்போது மூதாட்டி ஒருவர் அவரைப் பார்த்து, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டாராம். "ஆமாம்மா" என்றிருக்கிறார். அதன்பின் அந்த அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வேறெதுவும் கேட்காமல் தம்மையே பார்த்திருந்ததுதான் கனவில் வருகிறது என்றார். மொழி அறிந்ததே அவருக்குத் தண்டனையாயிற்று.

கும்மிடிப்பூண்டியில் ஈழ ஏதிலியர் முகாம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து தினக்கூலி வேலைக்கு வருவோர் இதே ஆலை வாயில்களைத்தான் கடக்கிறார்கள். ஒருநாள் பதிவேட்டில் சொந்த ஊர் எழுதும்போது, சாவகச்சேரி என்பதை நம்மவர் எழுத்துக் கேட்காமல் எழுதிவிட்டார். வந்த பெரியவர், "அங்கே இருந்தனீங்களோ?" என்று வினவினார். "இருந்தேன்" என்றார் இவர். எப்படி என்று சொல்லவில்லை. பெரியவர் அவரது நிற்கும் முறையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. மறுநாள் காலை அப்பெரியவர் வாயிலில் நின்று, இவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் அவ்வாறே. இதில் மன்னிப்பு உண்டா என்று நான் சொல்லத் துணியேன். அது இழந்தவர்க்கே உரியது. ஆனால் அரசும் ஊரும் செய்யாத தழிஞ்சியை ஓர் ஏதிலி செய்தார் என்பேன்.

இந்த நோய்க்குத் தமிழில் நல்ல சொல் தந்தவர்களும் ஈழத்தவரே. அங்கே 'மனவடு' என்பர். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 'வடுப்பட்ட மனங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1998-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 2009-இல் போர் முடிந்தபின், மறுவாழ்வு முகாம்களைக் கடந்து வீடு திரும்பிய முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர் என்பது இலங்கை அரசின் கணக்கு. எதிரெதிர் நின்ற இரு சாராரின் மனைவியரும் இரவில் ஒரே அலறலைத்தான் கேட்கிறார்கள்.

நம் இலக்கியம் முற்றிலும் வாய்மூடி இருந்தது என்பதற்கில்லை. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் போரிட்டுத் திரும்பும் செல்லையா, மீண்டும் பினாங்கு வட்டிக்கடையில் பணிக்கு அமர்கிறான். துப்பாக்கி ஏந்தியவன் கடைக்கு ஒத்துவர மாட்டான் என்று முதலாளி தம் மகளை அவனுக்குத் தர மறுக்கிறார். ஷோபாசக்தி தாமே போராளியாக இருந்தவர். அவரது 'கொரில்லா' 2001-இல் வந்தது. ஆனால் அமைதிப் படையிலிருந்து மீண்ட தமிழனின் மனத்தை நாம் போதிய அளவு எழுதவில்லை. வீரன் என்று பாடவும் கூசுகிறோம். பாதிக்கப்பட்டவன் என்று சொல்லவும் கூசுகிறோம். கூச்சத்தின் விலையை அவன் குடும்பம் கொடுக்கிறது.

மருத்துவ வாயில்கள் இன்று உள்ளன. முன்னாள் படைவீரர்க்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் நடந்துவருகிறது. மாவட்டத்தில் அவர்கள் நலனுக்கென்றே அலுவலகம் உண்டு. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் யாரும் அழைக்கலாம். ஆனால் அவ்வாயில்வரை ஒருவரை அழைத்துச் செல்ல, அவர் சொல்வதை முதலில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கதை கேட்பதையே தொழிலாகக் கொண்ட இலக்கிய வட்டத்தினர் அதைச் செய்யாவிடில் வேறு யார் செய்வார்?

எனவே ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரரையும், முகாமில் வாழும் ஈழத்தவரையும், விரும்புகிறவர் விரும்பும் அளவுக்குப் பேசவைத்து, பெயர் மறைத்து எழுதி வைப்போம். அதைப் புகழ்பாட்டாகவும் ஆக்க வேண்டா. குற்றப் பத்திரிகையாகவும் ஆக்க வேண்டா. பாண்டியன் பாசறையில் விளக்கோடு செய்ததை நாம் ஏட்டோடும் எழுதுகோலோடும் செய்யலாம். வீழ்ந்தவர்க்குக் கல் நட்ட இனம், மீண்டவர்க்குச் செவி தரட்டும்.